பவானி பேரில் ஜெயித்த நாலு மேட்ச்

கேன்டீனில் மதியச் சாப்பாடு முடிந்து, சாம்பார் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து கிடந்த நேரம். ஜன்னலோர மேஜையில் ஒரு சார்ட் பேப்பரை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்கம் ‘போன சீசன்’, வலது பக்கம் ‘இந்த சீசன்’, நடுவில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. பேப்பர் சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு எவர்சில்வர் டம்ளர்.

எங்கள் கம்பெனிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அப்போது நான்தான் கேப்டன். ஆயுத பூஜைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. எங்கள் லீக்கில் பாதி சீசன் அதோடு முடியும். மிச்சப் பாதி பொங்கல் கழித்துத்தான். “போன வருஷம் பாதியில எப்படி இருந்தோம், இந்த வருஷம் எப்படின்னு பெருசா எழுதிக் குடும்மா. கேன்டீன் சுவத்துல ஒட்டலாம். பூஜைக்குப் பெரியவங்க எல்லாம் வர்றாங்க” என்று சொல்லியிருந்தார் சம்பத் சார். தொழிலாளர் நலன், விளையாட்டு எல்லாம் அவர் பொறுப்பு.

பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த முனிரத்னா மெல்ல என் மேஜைப் பக்கம் வந்தாள்.

“அக்கா, யாரு எத்தன பாயிண்ட்டுன்னு கூட எழுதுவீங்களா?”

“எழுதணும். சார் கேட்டிருக்காரு.”

அவள் கையிலிருந்த துணியை வாளியில் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

“அதுல என் பேரு வராதா?”

“வந்தா பிரச்சினையாயிடும் முனிரத்னா.”

“தெரியுதுக்கா. சும்மா கேட்டேன்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மேல் எனக்குக் கோடு போடக் கை வரவில்லை. டம்ளர்களை எடுத்ததும் பேப்பர் தானாகவே சுருண்டுகொண்டது.

அந்தப் பாதி சீசனில் எங்கள் அணிக்கு அதிகப் புள்ளி எடுத்தவள் அவள்தான். அவள் பேர்தான் எங்கள் அணிப் பட்டியலில் இல்லை.

ஃப்ளைஓவர் புண்ணியத்தில் ஒரு வெற்றி

ஓசூரில் அப்போது எட்டு கம்பெனிகள் சேர்ந்து பெண்களுக்கென்று ஒரு கூடைப்பந்து லீக் நடத்தின. ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு தலா இரண்டு முறை மோத வேண்டும். எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கு வேண்டிய ஒயர் கட்டுகள் தயாராகும். நாள் முழுக்க நின்றுகொண்டு ஒயரை வளைத்துக் கட்டுவதுதான் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்ததும் டூவீலர் ஸ்டாண்டின் கோடியில் பயிற்சி. அங்கே ஒரு இரும்புக் கம்பம், அதில் ஒரே ஒரு வளையம். இரண்டாவது வளையத்தை மேட்ச் அன்றுதான் பார்ப்போம்.

முதல் சீசனில் ஆடவே தெரியாது. பாதி சீசனில் ஏழு மேட்ச். ஆறில் தோற்றோம். ஒன்றில் ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிரணி வந்த பஸ் ஃப்ளைஓவரில் மாட்டிக்கொண்டது. பெங்களூர் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். நடுவர் அரைமணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க ஜெயிச்சிட்டீங்க, வீட்டுக்குப் போலாம்” என்றார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. பாகலூர் ரோடு பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் வாங்கி, உலகக் கோப்பையே வாங்கிவிட்ட மாதிரி கொண்டாடினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பன் சூடாக இருந்தது, உள்ளே சர்க்கரையும் செர்ரியும் பல்லில் ஒட்டின. பவானி, எங்களில் எப்போதும் சிரிக்கிறவள், “ஒரு சொட்டு வேர்வ இல்லாம ஜெயிச்ச டீமு நாமதான்” என்றாள். அவ்வளவு தோற்றும் அந்த சீசன் நினைவுக்கு வந்தால் எனக்கு அந்தப் பன்னின் சூடுதான் முதலில் வருகிறது.

மைதானத்தில் நாங்கள் பேசிய மொழியைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சைலஜா பாகலூர் பக்கத்துப் பெண். குள்ளம், ஆனால் காற்று மாதிரி ஓடுவாள். வீட்டில் தெலுங்கு. பதற்றம் வந்தால் “இக்கட இக்கட” என்று கத்துவாள். தளி பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கன்னடம். நான் காவேரிப்பட்டணத்துக்காரி, தமிழைத் தவிர வேறு தெரியாது. தமிழிலும் கன்னடத்திலும் ‘கொடு’ என்றால் கொடுதான் என்பதால் பந்து கேட்பதில் மட்டும் குழப்பமே வந்ததில்லை.

சீசன் முடிந்ததும் சம்பத் சார் கூப்பிட்டார். “அடுத்த வருஷம் பாதி சீசன்ல பாக்கறேன். ரெண்டு மூணாவது ஜெயிச்சிருந்தா டீம் இருக்கும். இல்லன்னா அந்த நேரத்துக்கு ஓவர்டைம் பாருங்க.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. காலையில் சமையல், பகலில் ஷிஃப்ட், சாயந்திரம் மறுபடி சமையல். இடையில் டூவீலர் ஸ்டாண்டில் கழிந்த இரண்டு மணி நேரத்தில்தான் என்னை யாரும் மருமகளே என்றோ, லைன் லீடர் என்றோ கூப்பிடாமல் “விஜயா, பந்து!” என்று கூப்பிட்டார்கள். அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம். சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கையில் சோப்பு நுரை

அடுத்த சீசன் தொடங்கச் சில வாரங்கள் முன்பு, பயிற்சியில் ஒரு பந்து கைதவறிக் கேன்டீன் பின்பக்கம் உருண்டு போனது. அங்கே கழுவுமிடத்தில் ஒரு பெண் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களில் உயரமானவளைவிட ஒரு ஜாண் உயரம். “பந்தப் போடும்மா” என்றேன்.

அவள் என் பக்கம் போடவில்லை. வளையத்தையும் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சைலஜா அடுத்த நாலாவது எட்டில் எங்கே இருப்பாளோ, அங்கே ஒற்றைக் கையால் வீசினாள். சைலஜா கையை நீட்டினாள், பந்து அதில் இருந்தது. பந்தெல்லாம் சோப்பு நுரை.

ஆட்டம் தெரியாதவர்கள் நிற்கிறவரிடம் பந்தைக் கொடுப்பார்கள். தெரிந்தவர்கள்தான் ஓடுகிறவர் போய்ச் சேரப்போகும் இடத்துக்குக் கொடுப்பார்கள்.

முனிரத்னாவுக்கு ஊர் தளி பக்கத்து ஜவளகிரி, காட்டோரம். வீட்டில் கன்னடம். ப்ளஸ் டூ வரை அரசு ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். பள்ளி அணியில் ஆடி மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறாள். அப்பா, அம்மா ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை. அதற்கு மேல் படிக்க முடியாமல் கேன்டீன் கான்ட்ராக்டரிடம் வேலைக்கு வந்துவிட்டாள்.

“எங்க கூட ஆடறியா?” என்று கேட்டேன்.

“ஆடலாமாக்கா?” என்று திருப்பிக் கேட்டாள்.

ஆடக்கூடாது. கம்பெனி ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், இருக்கும் பெண்கள்தான் ஆடலாம் என்பது லீக் விதி. காலையும் மாலையும் எங்களுக்கு டீ ஊற்றினாலும், சம்பளம் கான்ட்ராக்டர் கொடுப்பதால் அவள் எங்கள் கம்பெனி ஆள் கிடையாது.

முதுகில் இன்னொருத்தி பேர்

அந்த வருஷம் பவானி பிரசவ லீவில் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தாள். பட்டியலில் அவள் பேர் அப்படியே இருந்தது. அடையாள அட்டையில் தபால்தலை அளவு போட்டோ, அதுவும் கரிக்கட்டை மாதிரி. அந்த அட்டையோடு முனிரத்னாவை இறக்கும் யோசனை என்னுடையதுதான். போனில் கேட்டதும் பவானி விழுந்து விழுந்து சிரித்தாள். “என் பேர்ல யாராச்சும் ஜெயிக்கட்டும் விஜி. என்னால அது ஆவாது.”

முதல் மேட்ச். பவானி பேர் போட்ட பனியனை முனிரத்னா மாட்டியிருந்தாள். புள்ளி எழுதுகிறவர் மேஜையில் அட்டையைப் பார்த்தபடியே, “பவானி?” என்றார். முனிரத்னா பேசவில்லை. நான் முழங்கையால் இடித்தேன். “ஆமா சார்” என்றாள், தரையைப் பார்த்து.

அன்று ஜெயித்தோம். பஸ் எதுவும் மாட்டிக்கொள்ளாமல், வேர்வை சொட்டச் சொட்ட ஜெயித்தோம். அவள் மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தால் அதை யாராலும் பறிக்க முடியாது. பிடித்த பந்தை அவள் வைத்துக்கொள்ளவும் மாட்டாள், யாராவது ஓடும் திசைக்குப் போய்விடும். ஓடினால் பந்து வரும் என்று தெரிந்ததும் நாங்கள் எல்லோருமே ஓட ஆரம்பித்தோம். போன சீசனில் பந்து இருக்கும் இடத்தில் ஐந்து பேரும் போய்க் குவிவோம். இந்த சீசனில் மைதானம் திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஏழில் நாலு ஜெயித்தோம்.

மூன்றாவது வெற்றியன்று கேன்டீன் பெண்கள் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். பேரைச் சொல்லிக் கத்தக்கூடாது என்று அவர்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தோம். கடைசி நிமிஷத்தில் முனிரத்னா பந்தை வளையத்தில் போட்டதும் அவர்களில் ஒருத்தி எழுந்து நின்று “முனிரத்னாஆ!” என்று கத்திவிட்டாள்.  நடுவர் திரும்பிப் பார்த்தார். சைலஜா சட்டென்று கையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்து ஆட்டினாள், தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்கிற மாதிரி.

அப்போது முனிரத்னா முகத்தைப் பார்த்தேன். பயந்துதான் இருந்தாள். ஆனால் பயத்துக்கு முன்னால், ஒரு கணம், அவள் முகம் முழுக்க வேறொன்று இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வாரமே பவானியின் மாமியார் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய, பவானி பேர் போட்ட மேட்ச் செய்தியைப் பார்த்துவிட்டு, “பிரசவத்துக்குப் போனவ எங்கடி போய் பந்து ஆடிக்கினு இருக்க?” என்று சண்டை பிடித்தாராம். பவானி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த முறை என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை.

வலது பக்கக் கட்டம்

சார்ட் பேப்பரைச் சுருட்டி வைத்த அன்று சாயந்திரம் பயிற்சி முடிந்ததும் சைலஜாவிடம் சொன்னேன். “அவ பேரையே எழுதிடலாம்னு பாக்கறேன்.”

சைலஜா ஷூ லேஸை அவிழ்ப்பதை நிறுத்தினாள். “வத்து அக்கா. வேணாம். நாலு மேட்ச்சும் போயிடும். டீமும் போயிடும்.”

“அந்தப் பேப்பர் கேன்டீன்ல ஒட்டுவாங்கடி. சாப்பாடு போடற எடத்துக்கு நேரா. தெனம் நின்னுக்கினு அவ அதப் பாக்கணும்.”

“பாக்கட்டும். பேரு வேற, ஆடினது யாருன்னு நமக்குத் தெரியும் இல்ல?”

“நமக்குத் தெரிஞ்சா போதுமா?”

“நீதானக்கா கார்டு குடுத்த? இப்ப என்னாத்துக்கு உனக்கு நியாயம் வருது?”

நான் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். 

மறுநாள் மதியம் அதே மேஜை. இடது பக்கம் எழுதினேன்: வெற்றி ஒன்று, தோல்வி ஆறு. வலது பக்கம்: வெற்றி நாலு, தோல்வி மூன்று. அதற்குக் கீழே, அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற கட்டத்தில், ஸ்கெட்ச் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்துவிட்டு, ‘ம. முனிரத்னா’ என்று எழுதினேன்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த பிறகும் பேப்பரைத் தொடவில்லை. உதடு அசையப் படித்தாள். பிறகு போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டாள். “நல்லா எழுதறீங்கக்கா” என்று மட்டும் சொன்னாள். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நேராகச் சம்பத் சார் அறைக்குப் போனேன்.

அவர் படித்தார். “யாரும்மா இது முனிரத்னா?”

சொன்னேன். முதலிலிருந்து எல்லாவற்றையும்.

 வெளியே மெஷின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“விஜயா, நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்தப் பேப்பர் என் கைக்கு வந்துடுச்சுன்னா எனக்குத் தெரியும்னு ஆயிடும். அப்புறம் நான் லீக்குக்கு எழுதணும். இன்னும் வரலன்னு வெச்சுக்கலாம். நீ போய் வேற எழுதிக்கினு வா.”

கெட்ட மனிதரில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்கும் காலை எடுத்து வெளியே வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது.

“வந்துடுச்சு சார்” என்றேன்.

போன வருஷத்தைவிட ஒன்று குறைவு

நாலு வெற்றியும் ரத்து. அந்த ஆட்டங்கள் எதிரணிகளின் கணக்கில் போய்ச் சேர்ந்தன. போன சீசன் பாதியில் ஒரு வெற்றி, அதுவும் ஃப்ளைஓவர் கொடுத்தது. இந்த சீசன் பாதியில் அதுவும் இல்லை. சார்ட் பேப்பர் சுவருக்குப் போகவே இல்லை. சம்பத் சார் அதைத் தன் பீரோவில் எங்கோ போட்டுவிட்டார்.

நான் அந்த சீசன் முழுக்க ஆடக்கூடாது என்று லீக்கிலிருந்து கடிதம் வந்தது. சைலஜா கேப்டன் ஆனாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. டீமைக் கலைக்கச் சொல்லித்தான் மேலே பேச்சு. சம்பத் சார், ‘முழு சீசனும் முடியட்டும்’ என்று எழுதிவிட்டார். ஏன் அப்படி எழுதினார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பொங்கலுக்குப் பிறகு நடந்த பாதியில் எங்கள் அணி இரண்டு மேட்ச் ஜெயித்தது. முனிரத்னா இல்லாமல், நானும் இல்லாமல். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பந்து ஓடுகிறவர்களுக்கு முன்னால் போய் விழுந்தது. இரண்டாவது வெற்றியன்று சைலஜா நேராக என்னிடம் வந்து, வேர்வைக் கையோடு என் தலையைக் கலைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் முனிரத்னா அதைப் பார்க்கவில்லை. பூஜை முடிந்த மறு வாரமே கான்ட்ராக்டர் அவளைப் போச்சம்பள்ளிப் பக்கம் வேறொரு கம்பெனி கேன்டீனுக்கு மாற்றிவிட்டார். சொல்லிக்கொண்டு போகக்கூட அவள் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. அவள் நின்ற இடத்தில் வேறொரு பெண் சோறு போட்டாள். நான் பல நாள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சாப்பாட்டையே தின்றேன்.

பேரை எழுதியதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. எழுதும் முன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் உறுத்தியது. கார்டு கொடுத்தபோது கேட்டேன். அதைத் திருப்பி எடுத்தபோது கேட்கவில்லை.

எதிர்ப்பக்கம்

அடுத்தடுத்த சீசன்களில் லீக் பெரிதானது. போச்சம்பள்ளிப் பக்கத்து அணிகளும் சேர்ந்தன. எனக்கும் மறுபடி ஆட அனுமதி கிடைத்தது. அப்படி ஒரு பாதி சீசனின் கடைசி மேட்ச். மப்பும் மந்தாரமுமான மதியம். அவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகு, தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தி இறங்கினாள். குனியாவிட்டால் பஸ் கதவில் இடிக்கும் உயரம்.

புள்ளி எழுதுகிறவர், “பேரு?” என்றார்.

“ம. முனிரத்னா.” தரையைப் பார்க்கவில்லை. அங்கே ஒரு வருஷம் போல கேன்டீனில் இருந்தபின், அந்தக் கம்பெனியே அவளை அணிக்காக ரோலில் எடுத்துக்கொண்டதாம். பின்னால்தான் தெரிந்தது.

எங்களைத் துவைத்து எடுத்தாள். நான் எங்கே போனாலும் முன்னால் நின்றாள். மைக்கில் அவள் பேர் வந்துகொண்டே இருந்தது. அத்தனை மோசமாக நாங்கள் முதல் சீசனில்கூடத் தோற்றதில்லை.

மேட்ச் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு அவளிடம் போனேன். 

“உன்னக் கேட்டிருக்கணும்” என்றேன்.

“எதக் கேட்டிருக்கணும்?” தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“பேர எழுதறதுக்கு முன்னாடி.”

பாட்டிலை வாங்கி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். “எனக்குக் காட்டறதுக்குத்தான் எழுதினீங்கன்னு நெனச்சேன்கா. போட்டோ புடிச்சேன். வேற பேப்பர்ல பவானி பேர எழுதி ஒட்டிடுவீங்கன்னு இருந்தேன். அப்பிடியே எடுத்துக்கினு போவீங்கன்னு யாரு கண்டா? மூணு மாசம் உங்களத் திட்டினேன். கன்னடத்துல.”

“அதான் எனக்குக் கேக்கல.”

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, “கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றாள்.

“தெரியுது.”

“அதனாலதான் கேக்கலையா?”

“இல்ல முனிரத்னா. எனக்கு அப்ப தோணல. அவ்ளோதான்.”

அவள் சரி என்றோ, போகட்டும் என்றோ சொல்லவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

பஸ் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

“அக்கா! எல்லா ஷாட்டும் வலது கையிலேயே போடறீங்க. அதான் சுலுவா தடுத்துட்டேன். எடது கையில போட்டுப் பழகுங்க!”

அதற்குள் பஸ் கேட்டைத் தாண்டிவிட்டது.

அடுத்த மேட்ச்சில் இடது கையால் இரண்டு முறை போட்டேன். ஒன்று வளையத்துக்குள் விழுந்தது.